படம் எங்கே நின்றது?

லினக்ஸ் கணினியில் திரை வராமல் போனால் பெரும்பாலோர் உடனே எதையாவது மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். இருக்கும் டிரைவரைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் போடுகிறார்கள். எங்கோ பார்த்த கட்டளையை அப்படியே ஒட்டி ரூட்டாக ஓட்டுகிறார்கள். அதுவும் பலிக்கவில்லை என்றால் பென்டிரைவை எடுத்து, எல்லாவற்றையும் அழித்து, முதலிலிருந்து நிறுவுகிறார்கள். இந்த வழக்கம் தவறு என்பது என் உறுதியான கருத்து. ‘திரை வரவில்லை’ என்பதை ஒரு கோளாறின் பெயராக நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல கோளாறுகள் கடைசியில் அதே கறுப்புத் திரையாகத்தான் தெரியும். தோற்றம் ஒன்றாக இருப்பதால் தீர்வும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்பி, இன்னொருவர் கணினிக்குச் சரிப்பட்டதை நம் கணினியில் செய்து பார்க்கிறோம். எதையும் தொடுவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தேட வேண்டும்: படம் எதுவரை வந்தது, எங்கே நின்றது? அந்த விடை பெரும்பாலும் கணினிக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும்.

பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து டெஸ்க்டாப் தெரிவது வரை திரை பல கைகள் மாறுகிறது. முதலில் மதர்போர்டின் யுஇஎஃப்ஐ, கார்டிலேயே பதிந்திருக்கும் சிறு நிரலின் உதவியோடு கம்பெனி லோகோவைக் காட்டுகிறது. அந்த நேரத்தில் லினக்ஸ் இன்னும் ஏறவே இல்லை. அடுத்து கிரப் மெனு. பிறகு கெர்னல் ஏறி, யுஇஎஃப்ஐ விட்டுச்சென்ற திரையையே வாங்கிக்கொண்டு எழுத்துகளைக் காட்டுகிறது. சில விநாடிகளில் அந்தக் கார்டுக்கு உரிய டிரைவர் வந்துசேரும். இன்டெல் என்றால் ஐ915 அல்லது எக்ஸ்இ, ஏஎம்டி என்றால் ஏஎம்டிஜிபியு, என்விடியா என்றால் நூவோ அல்லது என்விடியாவே தரும் மாட்யூல். அது மானிட்டரிடம் அதன் அளவுகளைக் கேட்டறிந்து, திரையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. கெர்னல் மோட் செட்டிங் எனப்படும் இந்த ஏற்பாடு 2009-இல் 2.6.29 கெர்னலில் இன்டெல் கார்டுகளுக்கு வந்து, பிறகு மற்றவற்றுக்கும் பரவியது. அதற்கு மேல் உள்நுழைவுத் திரை, வேலாண்ட் அல்லது எக்ஸ் சர்வர், முப்பரிமாண வேலைக்கு மெசா, கடைசியில் உங்கள் டெஸ்க்டாப். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் தொட்டி நிரம்பியிருக்கிறதா, மோட்டார் ஓடியதா, வால்வு திறந்திருக்கிறதா என்று வரிசையாகப் பார்ப்போம். எடுத்த எடுப்பில் குழாயைப் பிடுங்கி எறிய மாட்டோம். கிராபிக்ஸ் விஷயத்தில் மட்டும் அந்த நிதானம் நமக்குப் போய்விடுகிறது.

படம் நின்ற இடத்தைக் கண்ணால் பார்த்தே பாதி சொல்லிவிடலாம். கம்பெனி லோகோவிலேயே கோடுகளும் கட்டங்களும் சிதறித் தெரிந்தால் லினக்ஸை விட்டுவிடுங்கள். கார்டு, அதன் நினைவகச் சில்லு, கேபிள், மின் இணைப்பு ஆகியவற்றில் ஒன்றுதான் காரணம். லோகோவே வராவிட்டால், கார்டு செருகிய டெஸ்க்டாப்பில் மானிட்டர் கேபிள் தவறிப்போய் மதர்போர்டின் துளையில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கிரப் வரை வந்து, அதன்பின் கெர்னல் எழுத்துகள் ஓடி, சட்டென்று கறுத்தால் டிரைவர் பொறுப்பேற்கும் இடத்தில் தடை. கறுத்த பிறகு கேப்ஸ் லாக் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். எரிந்தால் கெர்னல் உயிரோடு இருக்கிறது, படம் மட்டும்தான் இல்லை. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை கிடைக்கவும் கூடும். உள்நுழைவுத் திரை வந்து, கடவுச்சொல் கொடுத்ததும் மறுபடி அதே திரைக்குத் தள்ளப்பட்டால், அதைப் பெரும்பாலோர் கிராபிக்ஸ் கோளாறு என்கிறார்கள். பல வேளைகளில் அப்படி இருக்காது. டிஸ்க் முழுக்க நிரம்பி, செஷன் ஒரு சிறு கோப்பைக் கூட எழுத முடியாமல் திரும்பியிருக்கும். அல்லது ரூட்டாக எக்ஸ் சர்வரை ஒருமுறை ஓட்டியதால் ஹோம் கோப்பகத்தின் எக்ஸ்-அத்தாரிட்டி கோப்பு ரூட்டுக்குச் சொந்தமாகிப்போயிருக்கும். அந்த நிலையில் டிரைவரை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இல்லை.

கண்ணால் பார்த்ததை உறுதிசெய்யப் பதிவேடு இருக்கிறது. எல்எஸ்பிசிஐ கட்டளையை கே விருப்பத்தோடு ஓட்டினால், கார்டின் சில்லு எது, இப்போது எந்த டிரைவர் அதைப் பிடித்திருக்கிறது என்று இரண்டு வரியில் வந்துவிடும். ‘பயன்பாட்டில் உள்ள டிரைவர்’ என்ற வரியே இல்லை என்றால் பிரச்சினை எங்கே என்று தேடி அலைய வேண்டாம்: கார்டு இருக்கிறது, அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஜர்னல்சிடிஎல் கட்டளைக்கு பி விருப்பத்தோடு மைனஸ் ஒன்று கொடுத்தால், இதற்கு முந்தைய பூட்டில் நடந்ததெல்லாம் வரும். திரை கறுத்துப்போய்ப் பவர் பட்டனை அழுத்தி அணைத்த அந்தப் பூட்டைத்தான் நாம் படிக்க வேண்டும். டெஸ்க்டாப் வந்துவிட்டது, ஆனால் ஜன்னலை நகர்த்தினாலே தடுமாறுகிறது, விசிறி இரைகிறது என்றால் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையில் எல்எல்விஎம்பைப் என்ற பெயர் வருகிறதா என்று பார்க்கலாம். வந்தால், கிராபிக்ஸ் வேலை முழுவதையும் பிராசஸரே செய்துகொண்டிருக்கிறது, கார்டு சும்மா இருக்கிறது என்று பொருள். இந்த மூன்று கட்டளைகளும் படிக்க மட்டுமே செய்கின்றன, எதையும் மாற்றுவதில்லை. அதனால்தான் இவற்றை முதலில் செய்யச் சொல்கிறேன்.

இனி ஒரு குறிப்பிட்ட கோளாறை எடுத்துக்கொள்வோம். என்விடியா கார்டு உள்ள கணினியில் வழக்கமான அப்டேட் போட்ட பிறகு திரை கறுப்பது. லினக்ஸ் கெர்னல் தன் உள் இடைமுகங்களை நிலையாக வைத்திருப்பதாக யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. கிரெக் குரோவா-ஹார்ட்மன் எழுதி, கெர்னலின் ஆவணங்களோடு சேர்ந்தே வரும் ஒரு கட்டுரை இதை வெளிப்படையாகச் சொல்கிறது: உங்கள் டிரைவரைக் கெர்னலுக்குள் கொண்டுவாருங்கள், மாற்றங்களோடு சேர்த்து நாங்களே பார்த்துக்கொள்கிறோம், வெளியே வைத்திருந்தால் அது உங்கள் பாடு. என்விடியாவின் மாட்யூல் வெளியே இருக்கிறது. ஆகவே கெர்னல் மாறும் ஒவ்வொரு முறையும் அந்த மாட்யூல் புதிய கெர்னலுக்கு ஏற்பத் திரும்பக் கட்டப்பட வேண்டும். டிகேஎம்எஸ் என்ற கருவி அதைத் தானாகச் செய்கிறது. அதற்கு அந்தக் கெர்னலின் ஹெடர் கோப்புகள் வேண்டும். அவை நிறுவப்படாமல் இருந்தாலோ, புதிய கெர்னல் அந்த டிரைவருக்கு மிகப் புதிதாக இருந்தாலோ, கட்டுமானம் பாதியில் நிற்கும். அப்டேட் ஓடும்போது டெர்மினலில் இது ஒரு வரியாக வந்துபோகும், யாரும் கவனிப்பதில்லை. என்விடியா தொகுப்பு நிறுவப்படும்போதே நூவோவைத் தடைப்பட்டியலில் வைத்துவிடுகிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். புதிய கெர்னலில் என்விடியா மாட்யூல் இல்லை, பழைய மாற்றும் தடுக்கப்பட்டிருக்கிறது. கார்டை எடுத்துக்கொள்ள ஆளே இல்லை.

இதே முடிவுக்குச் செக்யூர் பூட் வழியாகவும் வந்துசேரலாம். செக்யூர் பூட் இயங்கும் கணினியில், நம்பகமான சாவியால் கையெழுத்திடப்படாத மாட்யூலைக் கெர்னல் ஏற்றாது. உங்கள் கணினியிலேயே டிகேஎம்எஸ் கட்டிய மாட்யூலுக்கு உங்கள் கணினியே உருவாக்கிய சாவிதான் கையெழுத்து. அந்தச் சாவியை நம்பகமானதாக ஒருமுறை பதிவுசெய்ய வேண்டும். நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கிறதே, அது இதற்காகத்தான். அடுத்த பூட்டில் நீலத் திரையில் ஒரு சிறு மெனு வரும். அதில் சாவியைச் சேர்க்கும் வரியைத் தேர்ந்து அந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். பலர் அந்த நீலத் திரையைப் பார்த்துப் பயந்து, பூட்டைத் தொடரும் வரியை அழுத்திவிடுகிறார்கள். சிலர் கணினி பக்கத்திலேயே இருப்பதில்லை, சில விநாடிகளில் மெனு தானாகப் போய்விடுகிறது. சாவி பதிவாகவில்லை, மாட்யூல் நிராகரிக்கப்படுகிறது, திரை கறுக்கிறது. முந்தைய கோளாறுக்கும் இதற்கும் திரையில் எந்த வித்தியாசமும் தெரியாது. பதிவேட்டில் மட்டும் தெரியும். முன்னதில் மாட்யூலே இல்லை என்றிருக்கும். இதில் சாவி நிராகரிக்கப்பட்டது என்று தெளிவாக ஒரு வரி இருக்கும். முன்னதற்கு ஹெடரை நிறுவ வேண்டும், இதற்குச் சாவியைப் பதிய வேண்டும். ஹெடரை நூறு முறை நிறுவினாலும் சாவி பதிவாகாது. உபுண்டு தானே கையெழுத்திட்டுத் தரும் என்விடியா மாட்யூல்களும் உண்டு, அவற்றைத் தேர்ந்தால் இந்த வேலையே வேண்டாம் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

மூன்றாவது வழி, கார்டின் வயது. என்விடியா தன் பழைய கார்டுகளை ஒவ்வொரு டிரைவர் வரிசையோடு நிறுத்திவிடுகிறது. ஃபெர்மி தலைமுறைக்கு 390 வரிசை கடைசி, கெப்ளருக்கு 470, மேக்ஸ்வெல்லுக்கும் பாஸ்கலுக்கும் 580. பாஸ்கல் என்றால் 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060, 1080 போன்றவை. இன்றும் நிறைய வீடுகளில் நன்றாக ஓடிக்கொண்டிருப்பவை. மறுமுனையில், ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டுகளுக்கு என்விடியாவின் திறந்த மூல மாட்யூல் மட்டுமே பொருந்தும், பழைய மூடிய மாட்யூல் ஒத்துவராது. ஆகவே ‘புதிய டிரைவர் போடுங்கள்’ என்ற ஒரே அறிவுரை ஒருவரின் கணினியைக் காப்பாற்றும், இன்னொருவரின் கணினியைக் கறுப்பாக்கும். பெட்டியில் அச்சிட்ட பெயரையும் நம்ப முடியாது. ஜிடி 730 என்ற பெயரில் ஃபெர்மி சில்லு உள்ள கார்டும் விற்கப்பட்டது, கெப்ளர் சில்லு உள்ள கார்டும் விற்கப்பட்டது. எல்எஸ்பிசிஐயில் ஜிஎஃப்108 என்று வந்தால் 390, ஜிகே208 என்று வந்தால் 470. ஒரே பெயர், இரண்டு டிரைவர்கள். ஒருவர் ‘என்னிடமும் ஜிடி 730தான், எனக்கு இது வேலை செய்தது’ என்று சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம், உங்களுக்குப் பயன்படாமலும் போகலாம்.

இந்த வகைக் குழப்பத்தின் உச்சம் நோமோட்செட். கெர்னலுக்குக் கொடுக்கும் இந்த ஒற்றைச் சொல், திரை வரவில்லை என்ற கேள்விக்கெல்லாம் பதிலாக வந்துவிழுகிறது. அதைக் கொடுத்தால் கெர்னலுக்குள் இருக்கும் டிரைவர்கள் திரையைப் பொறுப்பேற்காமல் ஒதுங்கிக்கொள்கின்றன. யுஇஎஃப்ஐ விட்டுச்சென்ற எளிய திரையே தொடர்கிறது. உபுண்டு நிறுவியில் பாதுகாப்பான கிராபிக்ஸ் என்று வரும் தேர்வும் இதுதான். புதிய என்விடியா கார்டில் நூவோ உறைந்துபோய் நிறுவலே தொடங்க முடியாதபோது இது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் இது தருவது ஒரு தகவல்: நோமோட்செட் கொடுத்ததும் படம் வந்தால், கேபிளும் மானிட்டரும் கார்டின் அடிப்படை மின்சுற்றும் சரி, தடை டிரைவரில் இருக்கிறது. அந்தத் தகவலை வைத்துக்கொண்டு சரியான டிரைவரை நிறுவிவிட்டு, அந்தச் சொல்லை நீக்கிவிட வேண்டும். படம் வந்துவிட்டதே என்று கிரப் அமைப்பில் அதை நிரந்தரமாக எழுதிவைத்தவர்கள்தான் பிறகு வீடியோ ஏன் திக்குகிறது, லேப்டாப்பில் வெளிச்சத்தைக் குறைக்கும் விசை ஏன் வேலை செய்யவில்லை, இரண்டாவது மானிட்டர் ஏன் தெரியவில்லை என்று தனித்தனியாகக் கேட்கிறார்கள். மூன்றுக்கும் காரணம் அந்த ஒரு சொல்தான்.

இதற்கெல்லாம் எதிராக முதலில் வரும் வாதம் நேரம். ‘பதிவேட்டைப் படித்துக்கொண்டிருப்பதை விட அரை மணி நேரத்தில் மறுபடி நிறுவிவிடுவேன், வேலையும் செய்கிறது’ என்கிறார்கள். வேலை செய்வது உண்மை. ஏன் வேலை செய்கிறது என்று யோசித்தால்தான் வாதத்தின் ஓட்டை தெரியும். பென்டிரைவில் இருப்பது சில மாதங்களுக்கு முந்தைய கெர்னல். அதை நிறுவியதும் நீங்கள் அப்டேட்டுக்கு முந்தைய நிலைக்குத் திரும்புகிறீர்கள், அவ்வளவுதான். அடுத்த அப்டேட்டில் அதே கெர்னல் வரும், அதே கட்டுமானம் தோற்கும், அதே கறுப்புத் திரை. பின்னோக்கிப் போவதுதான் நோக்கம் என்றால் அதற்கு அரை மணி நேரமும் வேண்டாம். கிரப் மெனுவில் மேம்பட்ட தேர்வுகளுக்குள் போனால் முந்தைய கெர்னல் அங்கேயே இருக்கிறது. உபுண்டு, டெபியன், ஃபெடோரா எல்லாமே குறைந்தது ஒன்றையாவது வைத்திருக்கின்றன. அதில் பூட் செய்து படம் வந்தால், கார்டில் பழுதில்லை என்றும் குறை புதிய கெர்னலுக்கும் டிரைவருக்கும் இடையில் இருக்கிறது என்றும் இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். மறுநிறுவலில் போவது உங்கள் கோப்புகள் மட்டும் இல்லை. என்ன நடந்தது என்று சொல்லும் பதிவேடும் அழிந்துபோகிறது.

கட்டளையை ஒட்டும் பழக்கத்துக்கு 2011-இல் கிடைத்த பாடம் கடுமையானது. இன்டெல், என்விடியா இரண்டும் உள்ள லேப்டாப்களில் என்விடியா கார்டை லினக்ஸில் பயன்படுத்த உதவிய பம்பிள்பீ என்ற திட்டத்தின் நிறுவு நிரலில், ஒரு கோப்பகத்தை நீக்கும் வரியில் யுஎஸ்ஆர் என்பதற்குப் பிறகு தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. ஆழத்தில் இருக்கும் ஒரு சிறு கோப்பகத்தை நீக்க வேண்டிய வரி, அந்த இடைவெளியால் யுஎஸ்ஆர் கோப்பகம் முழுவதையும் அழிக்கும் வரியாக மாறியது. கணினியின் பெரும்பாலான நிரல்கள் இருக்கும் இடம் அது. நல்ல நோக்கத்தோடு, தெரிந்தவர்கள் எழுதிய நிரல். ஓட்டியவர்கள் ரூட்டாக ஓட்டினார்கள், ஏனென்றால் கிராபிக்ஸ் டிரைவர் வேலையை ரூட்டாகத்தான் செய்ய முடியும். இன்று தேடுபொறியும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் நொடியில் பத்துக் கட்டளைகளைத் தருகின்றன. அவற்றில் நல்லவை இருக்கின்றன என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவை எதுவும் உங்கள் கணினியில் படம் எங்கே நின்றது என்று பார்க்கவில்லை. நீங்கள் பார்த்துச் சொன்னால்தான் அவற்றுக்கும் தெரியும். என்விடியா தளத்திலிருந்து ரன் கோப்பை நேரடியாக இறக்கி, டிஸ்ட்ரோ தந்த டிரைவரின் மேலேயே நிறுவுவதும் இதே போன்றதுதான். விண்டோஸில் அதுவே சரியான வழி. லினக்ஸில் இரண்டு பதிப்பின் கோப்புகள் கலந்துபோய், எது எதனுடையது என்று பிரித்தெடுப்பதே தனி வேலையாகிவிடும். என்விடியா-எஸ்எம்ஐ ஓட்டும்போது டிரைவரும் நூலகமும் வேறு வேறு பதிப்பு என்று வரும் பிழைக்கும் பலர் டிரைவரை முழுசாகக் கழற்றுகிறார்கள். அப்டேட்டில் நூலகம் மாறிவிட்டது, பழைய மாட்யூல் இன்னும் நினைவகத்தில் ஓடுகிறது என்பதைத்தான் அந்தப் பிழை பெரும்பாலும் சொல்கிறது. ஒரு ரீபூட் போதும்.

இரண்டாவது எதிர்வாதத்தை நான் அதிகம் மதிக்கிறேன். ‘வீட்டில் கடிதம் எழுதவும் படம் பார்க்கவும் கணினி வைத்திருப்பவர் எதற்காகக் கெர்னல் பதிவைப் படிக்க வேண்டும்? அதைக் கேட்பதே லினக்ஸின் தோல்வி இல்லையா?’ பாதி சரி. அந்தச் சுமையைக் குறைப்பது டிஸ்ட்ரோக்களின் கடமை, அவர்கள் தாமதித்திருக்கிறார்கள். டெபியனைப் பாருங்கள். ஏஎம்டி கார்டுகளுக்குத் தேவையான ஃபர்ம்வேர் கோப்புகள் சுதந்திர மென்பொருள் வரையறைக்குள் வராதவை என்பதால், அதிகாரபூர்வ நிறுவியில் நெடுங்காலம் அவை இல்லை. டிரைவர் இருக்கும், அது கேட்கும் ஃபர்ம்வேர் இருக்காது. புதிதாக வருபவருக்குக் கறுப்புத் திரைதான் வரவேற்பு. 2022-இல் டெபியன் உருவாக்குநர்கள் வாக்கெடுத்துக் கொள்கையை மாற்றினார்கள், 2023-இல் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் நிறுவியோடு வருகிறது. கொள்கையில் உறுதியாக இருந்தவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் அந்த மாற்றம் சரியானது. கெர்னலும் அந்தத் திசையில் நகர்கிறது. 2024-இல் 6.10 கெர்னலில், கெர்னலே நிலைகுலைந்தால் காரணத்தைத் திரையில் காட்டும் வசதி வந்தது, 6.12-இல் அதைக் கியூஆர் குறியாகக் காட்டவும் வழி செய்தார்கள், கைப்பேசியால் படம் பிடித்துக்கொள்ளலாம். இதன் பொருளைக் கவனியுங்கள். கெர்னலை எழுதுபவர்களே பயனரின் கையில் முதலில் கொடுக்க நினைப்பது என்ன நடந்தது என்ற சான்றை. ஆகவே சாதாரணப் பயனர் எல்லாவற்றையும் புரிந்துகொள்ள வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சான்றை அழிக்காமல் எடுத்து, தெரிந்தவரிடம் காட்டினால் போதும்.

‘என்விடியாவை விட்டு ஏஎம்டிக்குப் போய்விடுங்கள், எல்லாம் தீர்ந்துவிடும்’ என்பது மூன்றாவது. இதில் உண்மை உண்டு. ஏஎம்டி 2007-இலேயே தன் கார்டுகளின் ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. ஏஎம்டிஜிபியு டிரைவர் 2015 முதல் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. டிகேஎம்எஸ் தோற்பது, சாவி பதிவாகாதது போன்ற தொல்லைகள் அங்கே இல்லை. என்விடியா தன் மாட்யூலின் மூலநிரலைத் திறந்ததே 2022-இல்தான், அதுவும் டூரிங் தலைமுறையிலிருந்து வந்த கார்டுகளுக்கு மட்டும். புதிதாக வாங்குபவருக்கு நானும் ஏஎம்டியோ இன்டெல்லோதான் சொல்வேன். ஆனால் கையில் இருக்கும் கார்டு திரை காட்டாதபோது ‘வேறு வாங்கு’ என்பது பதிலாகாது. என்விடியாவின் கூடா (CUDA) நிரல்களை நம்பி வேலை செய்பவர்களுக்கு அந்த வழியே இல்லை. கார்டை மாற்றினாலும் தேடும் முறை மாறப்போவதில்லை. 2025 மார்ச்சில் வந்த ஆர்எக்ஸ் 9070-ஐ 6.1 கெர்னலோடு வந்த டெபியன் 12-இல் செருகினால் டிரைவருக்கு அந்தச் சில்லையே தெரியாது. ஃபர்ம்வேர் கோப்பு இல்லை என்றால் மைனஸ் 2 என்ற பிழை எண்ணோடு பதிவேட்டில் வரும். கோப்பு கிடைக்கவில்லை என்பதுதான் அந்த எண்ணின் பொருள். இன்டெல் லேப்டாப்களில் திரை அவ்வப்போது மினுங்குவதற்குப் பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ் என்ற மின்சேமிப்பு வசதி காரணமாக இருப்பதுண்டு. அதை ஒரு கெர்னல் விருப்பத்தால் அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மினுங்கல் என்றதும் வேலாண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் படம் நின்ற இடத்தைத் தேடாததால் பலர் வீண்செலவு செய்தது இங்கேதான். என்விடியா கார்டில் வேலாண்ட் ஓட்டும்போது, பழைய எக்ஸ் நிரல்களின் ஜன்னல்கள் மட்டும் மினுங்கும், பழைய பிரேம்கள் இடையில் வந்துபோகும். கேபிளை மாற்றினார்கள், மானிட்டரையும் சந்தேகப்பட்டார்கள். கேபிள் பழுதென்றால் திரை முழுவதும் மினுங்கும். ஒரு வகை நிரல் மட்டும் மினுங்கினால் கேபிளுக்கு அதில் வேலையே இல்லை. வரைந்து முடிந்ததா இல்லையா என்பதைக் கார்டும் வேலாண்டும் ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொள்ளும் முறையில் இருந்தது சிக்கல். அந்தத் தகவலை வெளிப்படையாகப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறை 2024-இல் வந்து, என்விடியாவின் 555 வரிசை அதை ஏற்ற பிறகு அது தீர்ந்தது. இதற்கு நேர்மாறாக, உயர்தர மானிட்டர் 1024க்கு 768 என்ற அளவிலேயே நிற்கும்போது எல்லோரும் டிரைவரைத்தான் திட்டுகிறார்கள். மானிட்டர் தன்னைப் பற்றி அனுப்பும் 128 பைட் அறிமுகம், அதாவது இடிஐடி (EDID), வந்துசேராதபோது கெர்னல் தற்காப்பாக எடுத்துக்கொள்ளும் எல்லை அது. விலை மலிவான மாற்றியோ, இரண்டு கணினிகளுக்கு ஒரே மானிட்டரைப் பகிரும் கேவிஎம் பெட்டியோ அந்த அறிமுகத்தை வழியில் தொலைத்திருக்கும். மானிட்டரை நேரடியாகச் செருகினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இரண்டு கார்டுகள் உள்ள லேப்டாப்பில் உள்திரை நன்றாகத் தெரிய, எச்டிஎம்ஐ மட்டும் இறந்துகிடந்தால், அந்தத் துளை பெரும்பாலும் என்விடியா கார்டோடு நேரடியாக இணைக்கப்பட்டது என்பதையும், அதன் மாட்யூல் ஏறவில்லை என்பதையும் சந்தேகிக்கலாம்.

‘திரையே இல்லாதபோது பதிவை எங்கே படிப்பது?’ என்ற கேள்விக்கு வழிகள் உண்டு. எழுத்துத் திரை வராவிட்டால், எஸ்எஸ்எச் முன்பே நிறுவியிருந்தால் இன்னொரு கணினியிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ உள்ளே போகலாம். கிரப்பில் மீட்பு நிலை இருக்கிறது. எதுவும் இல்லையென்றால் அதே நிறுவு பென்டிரைவில் லைவ் முறையில் ஏறி, டிஸ்க்கைத் திறந்து, அதிலுள்ள ஜர்னல் கோப்பகத்தை ஜர்னல்சிடிஎல்லுக்குக் காட்டினால் கறுத்துப்போன அந்தப் பூட்டின் பதிவு வந்துவிடும். மறுநிறுவலுக்காக எடுத்த பென்டிரைவாலேயே கோளாறைக் கண்டுபிடிக்கலாம். பதிவேட்டில் எக்ஸ்ஐடி 79 என்று என்விடியா மாட்யூல் எழுதியிருந்தால், கார்டு பஸ்ஸிலிருந்தே விலகிவிட்டது. மின் இணைப்பு, சூடு, ஸ்லாட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும், எந்த மென்பொருள் மாற்றமும் முதலில் வேண்டாம். வன்பொருள் பழுது வெறும் சாக்கு என்று எண்ணிவிடாதீர்கள். 2008-இல் லேப்டாப் சில்லுகளின் பழுதுக்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக என்விடியாவே அறிவிக்க நேர்ந்தது.

கடைசியாக, உதவி கேட்பவர்களுக்கும் கொடுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கேட்பவர்கள் ‘திரை வரவில்லை’ என்று மட்டும் எழுதாமல், படம் எதுவரை வந்தது, எல்எஸ்பிசிஐ காட்டும் சில்லின் பெயர் என்ன, கெர்னல் எந்தப் பதிப்பு, பழைய கெர்னலில் வருகிறதா, முந்தைய பூட்டின் பதிவில் பிழை வரிகள் எவை என்று சேர்த்து எழுதுங்கள். பதில் சொல்பவர்கள் இவை கையில் வரும்வரை எந்தக் கட்டளையையும் கொடுக்காதீர்கள். கோளாறு தீர்ந்த பிறகு அதைத் தமிழில் எழுதிவையுங்கள். எழுதும்போது தேதி, டிஸ்ட்ரோவின் பதிப்பு, கெர்னல் எண், டிரைவர் எண் நான்கையும் தவறாமல் போடுங்கள். ஐந்து வருடத்துக்கு முந்தைய ஒரு தீர்வை இன்றைய கணினியில் ஒட்டிப் பார்ப்பவருக்கு, அது பழையது என்று தெரிய வேறு வழியே இல்லை.